டேப்பைக் கசங்காமல் வைத்திருக்கும் தம்பிக்கு

தம்பி, 30 வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். உங்களைப் போல ஒரு சைட் எஞ்சினியரை இதுவரை பார்த்ததில்லை. மற்றவர்களின் டேப்பில் சிமென்ட் ஏறி எண்ணே தெரியாது. உங்கள் டேப்போ வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. மஞ்சள் பூச்சில் ஒரு கீறல் இல்லை, முனைக் கொக்கி துளியும் வளையவில்லை. பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவர் வேறு யார்?

மேஸ்திரி மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும் பெரிது. 30-க்கு 40 அடி வீடு. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 50 அடி வர வேண்டும். அப்போதுதான் மூலைமட்டம் சரி. "பார்த்தாச்சா?" என்று கேட்டீர்கள், "பார்த்தாச்சு சார்" என்றார். மறுபடி அளந்து பார்த்து அவர் மனத்தைப் புண்படுத்தவில்லை. இன்றைக்கு பாத்ரூமில் டைல்ஸ்காரர் கடைசி வரிசைக்கு வெட்டும் துண்டு கதவோரம் 3 இன்ச், ஜன்னலோரம் ஒன்றரை. ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து வெட்டுகிறார். அன்று நீங்கள் அளக்காததையெல்லாம் அளக்கும் பாக்கியத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

மனக்கணக்கிலும் நீங்கள் வேகம். பிளானில் 3 மீட்டர் என்றிருந்ததைப் பார்த்தவுடன் "பத்தடி போடுங்க" என்றீர்கள். பத்தடி என்பது 3.048 மீட்டர். ஒரு அறைக்கு 48 மில்லிமீட்டர் கூடியது. வரிசையாக நாலு அறைக்கும் அதே கணக்கைச் சொன்னதில் வீட்டுக்காரருக்குக் கேட்காமலே ஏழரை இன்ச் கூடுதல் நீளம் கிடைத்தது. பக்கவாட்டில் சட்டப்படி விட வேண்டிய காலி இடத்திலிருந்துதான் அதை எடுத்துக் கொடுத்தீர்கள்.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லாப் படிக்கும் 6 இன்ச் என்று ஒரே சீராக கான்கிரீட் போட வைத்தீர்கள். கீழேயும் மேலேயும் டைல்ஸ் போட்டுத் தரை முடியும் மட்டம் எதுவென்று பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. பிறகு இரண்டு தளத்திலும் தரை 3 இன்ச் ஏறியது, படி மேல் கிரானைட் 1 இன்ச் ஏறியது. ஆகவே முதல் படி 4 இன்ச், நடுவில் எல்லாம் 6, கடைசிப் படி 8. பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, கால்தான் கண்டுபிடிக்கும். அந்த வீட்டுப் பாட்டி கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்ததால் விழவில்லை.

எல்லாவற்றையும் விட அழகு உங்கள் செக் லிஸ்ட். 'பிளான் அளவு', 'சைட் அளவு' என்று இரண்டு கட்டம். தூண் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கட்டத்தில் 230, 300. அந்தக் கட்டத்திலும் 230, 300. தூணின் அளவு 12 மில்லிமீட்டர் வரை கூடலாம், 6 வரை குறையலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் தூண்கள் 16-க்கும் அந்தச் சலுகையே தேவைப்படவில்லை, ஒரு மில்லிமீட்டர் மாறவில்லை. அதுவும் மழை பெய்து யாரும் சைட்டுக்கு வராத நாளில் எழுதியது. கீழே உங்கள் கையெழுத்து, முத்து முத்தாக.

கான்கிரீட் இறுகிய பிறகு அளந்தால் தப்பு எவ்வளவு என்று தெரியும், அவ்வளவுதான். நூல் கட்டியிருக்கும்போது அளந்தால் ஆணியைப் பிடுங்கி நகர்த்தி அடித்துவிடலாம்.

வியாழக்கிழமை புது மனையில் சென்டர் லைன் போடுகிறார்கள். காலையில் ஆறரைக்கு வாருங்கள் தம்பி, அந்த டேப்பையும் எடுத்துக்கொண்டு. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.