துப்பு துலக்குதல்: பாலாநகர்ச் செவ்வியல் வேன்களின் அடிவயிறு குறித்த ஓர் ஆய்வு

இரும்பின் மீது காற்றும் நீரும் சேர்ந்து உண்டாக்கும் செம்பழுப்புப் பொருளைத் தமிழ் துரு என்றும், தெலுங்கு துப்பு என்றும், உருது ஜங்க் என்றும் வழங்கும். ஹைதராபாத்தின் பாலாநகரில் ஒரே வேனின் அடியில் ஒரே பொழுதில் இம்மூன்று சொற்களும் ஒலிக்கக்கூடும் ஆதலால், வேனைத் துலக்குமுன் சொல்லைத் துலக்கிக்கொள்வதே முறையாகும். இன்றைய தமிழில் துப்பு என்பது தடயத்தைக் குறிக்கும். துலக்குதல் என்பதோ விளங்கச்செய்தல் என்றும், பாத்திரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் என்றும் இருபொருள் தரும். ஆகவே துப்பு துலக்குதல் என்னும் தொடரைத் தெலுங்குக் காதால் கேட்பவருக்கு அது துருவைச் சுரண்டுதல் என்றே படும் என்பதும், பட்டறைகளின் அன்றாட நடப்புக்கு அப்பொருளே நெருக்கமானது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும். பழந்தமிழில் இச்சொல்லுக்கு வலிமை, உணவு, பவளம், சிவப்பு எனப் பல பொருள்கள் உண்டு. வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறள், உண்பவர்க்கு உணவை விளைவித்துத் தானும் உணவாவது மழை என்னும் கருத்தை இச்சொல்லையே அடுக்கிச் சொல்கிறது. மழை துப்பை உண்டாக்கும் என்பதில் வள்ளுவருக்கும் வேன் உரிமையாளருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் துப்பு என்பதில்தான் உண்டு.

அடுத்து விளக்கம் வேண்டுவது ‘செவ்வியல் வேன்’ என்னும் தொடர். மொழிக்குச் செவ்வியல் தகுதி வழங்க நடுவண் அரசு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மையைக் கேட்டது. அவ்வகையில் தமிழ் 2004இலும் தெலுங்கு 2008இலும் தேறின. வண்டிக்கு அத்தனை கெடுபிடி இல்லை. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டி பழம்பெரும் வண்டியாக மதிக்கப்படும். பாலாநகர்ப் பட்டறைகளில் படுத்த படுக்கையாய்க் காணப்படும் மாருதி வேனோ 1984இல் சந்தைக்கு வந்து, 1988இல் ஆம்னி என்று பெயர் சூடி, 2019இல் உற்பத்தி நின்றுபோனதாகும். ஆகையால் அவ்வினத்தின் முதற்பிள்ளைகூட 2034க்கு முன் அத்தகுதியை எட்ட இயலாது. 1990இல் பதிவான வேன் ஒன்று 15 ஆண்டு ஆயுளை 2005இல் முடித்துக்கொண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்புப் பெற்று, 2040 வரை தாக்குப்பிடித்தால் மட்டுமே அதன் துரு தொன்மை எனப் பெயர் மாறும். அதுவரை அது வெறும் துருதான். தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகியைக் கடத்துவதற்கு இவ்வேனின் பக்கவாட்டுச் சறுக்குக் கதவே ஆகிவந்தது என்பதையும், அத்தனை கடத்தல்களிலும் காவல்துறைக்குத் துப்புக் கிடைத்ததே தவிர வேனின் அடியில் இருந்த துப்பை எவரும் குனிந்து பார்க்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறித்துச் செல்லலாம்.

ஆய்வுக்களமாகிய பாலாநகர், நுண்மைக்குப் பேர்போன இடமாகும். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான மின்னணுவியல் பிரிவு 1965 முதலும், மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968 முதலும் இங்கு இயங்கிவருகின்றன. இவ்வகை இடங்களில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, ஒரு கூற்றை மைக்ரான் என அழைத்து, அதில் சில கூறுகள் பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடுவர். வேன் பட்டறையின் அளவையோ வேறு. அங்கு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ மூன்றேகால் மில்லிமீட்டர், தமிழில் நூல் என்றும் இந்தியிலும் உருதிலும் சூத் என்றும் வழங்கும். ‘ஒரு நூல் கூடக்குறைய இருக்கும்’ என்று டிங்கர் சொல்லும்போது மூவாயிரம் மைக்ரானுக்கு மேற்பட்ட பிசகு மன்னிக்கப்பட்டுவிடுகிறது. இழைக்கும் ஏட்டுக்கும் அங்குலத்தின் எட்டிலொரு பங்குக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதால், நூல் பிடித்த மாதிரி என்னும் பாராட்டை டிங்கரும் நூலாசிரியரும் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. டிங்கர் என்பார், நசுங்கிய அல்லது அரித்த தகட்டை அடித்தும் வெட்டியும் ஒட்டியும் பழைய உருவுக்குக் கொண்டுவருபவர். ஹைதராபாத்தில் அவர் உஸ்தாத் எனப் பெரும்பாலும் விளிக்கப்படுவார்.

கடலில்லாத தக்காணப் பீடபூமியில், கடல்மட்டத்திற்கு 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் நகரில், சென்னைக் கடற்காற்றின் உப்பு அறவே எட்டாத நிலையில், வேனின் அடி ஏன் அரிக்க வேண்டும் என்னும் ஐயம் நியாயமானதே. விடை மழையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உள்மடிப்புகளில் அப்பிக்கொள்கிறது. சறுக்குக் கதவின் கீழ்த்தண்டவாளத்தில் புழுதியும் நீரும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. கண்ணாடி ரப்பரின் கசிவு தரைவிரிப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. நீர் வடியவென்று ஆலை இட்ட துளைகளை அதே சேறு அடைத்துவிடுகிறது. ஈரச்சேறு மூடிய இடத்தில் உயிர்வளி குறைவாகவும் சுற்றுப்புறத்தில் மிகுதியாகவும் இருப்பதால், ஒரே தகட்டிலேயே ஒரு சிறு மின்கலம் உருவாகி, மூடிய பகுதி நேர்மின்வாயாகிக் கரைகிறது. காற்றுப்படாமல் பொத்திவைத்த இடமே முதலில் கெடுகிறது என்பது நகைகளைப் பொத்திவைத்துப் பழகிய சமூகத்துக்கு ஏற்கக் கடினமான செய்திதான். அவ்வாறு பிறந்த துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பெயின்ட்டைத் தூக்கி, கொப்புளமாகி, பின் பரோட்டாவைப் போல் அடுக்கடுக்காகப் பிரிகிறது. வேன் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே தடித்துக்கொண்டும் போகிறது.

துருவைக் கண்டறியும் முறை இரண்டு புலன்களைச் சார்ந்தது. உஸ்தாத் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரைத்தகட்டைத் தட்டுவார். நல்ல தகடு ‘டிங்’ என்னும், கெட்ட தகடு ‘தப்’ என்னும். தேங்காய் வாங்குவோர் கையாளும் அதே முறைதான் இது. ஆயினும் தேங்காயில் ஐயம் எழுந்தால் வேறு காயை எடுக்கலாம், வேனில் அவ்வசதி இல்லை. ‘தப்’ ஒலித்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் திருப்பிப் பிடிக்கப்பட்டு அதன் முனையால் குத்தப்படும். முனை உட்புகுந்து, வேனுக்குள் இருக்கும் உரிமையாளரின் செருப்பருகே தலைகாட்டும். இந்நிலையில் உரிமையாளர் ‘போதும்’ என்பார். உஸ்தாத் மேலும் குத்துவார். நாலணா அகலத்தில் தொடங்கிய துளை தட்டு அகலத்துக்கு விரிவதற்குக் காரணம் துரு அந்நேரத்தில் பரவியதன்று, பார்வை பரவியதே. துளையின் அளவைத் தீர்மானிப்பது துருவன்று, துலக்குபவரின் மனசாட்சி என்பது இவ்வாய்வின் நடுநாயகமான முடிபாகும். எது இரும்பு, எது துரு என்னும் எல்லைத் தகராறில் உரிமையாளர் எப்போதும் இரும்பின் கட்சியிலும், உஸ்தாத் எப்போதும் துருவின் கட்சியிலும் நிற்பது இயல்பு. மேலே பூசிய கறுப்புப் பாடி கோட்டிங் இவ்வழக்கில் பொய்ச்சாட்சி. தகடு போன பிறகும் தகட்டின் உருவில் அது தனியே நின்றுகொண்டிருக்கும்.

சுரண்டி எடுத்த தூளை இகழ்வதற்கில்லை. இரும்பைப் பக்குவமாக்கிப் பெறும் அயச்செந்தூரத்தைச் சித்த மருத்துவம் சோகைக்குக் கொடுக்கிறது. பழைய இரும்புக் கிட்டமாகிய மண்டூரத்தில் நூறாண்டு கடந்ததே உத்தமம் என்பது மருத்துவ மரபு. பட்டறைத் தரையில் பெருக்கித் தள்ளப்படும் தூளுக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது என்பதால் அதை மருந்தாகக் கொள்ளத் துணிதல் கூடாது. மருந்து தேவைப்படும் வெளிறிய நிலையில் உரிமையாளர் இருந்தாலும் கூடாது.

இனிப் பற்றவைப்பு. அரித்த பகுதியை உளியாலும் கிரைண்டராலும் வெட்டியெடுத்து, கெட்டித்தகடு தெரியும்வரை ஓரத்தைத் துலக்கி, சென்ற ஆண்டின் நாட்காட்டி அட்டையைத் துளைமேல் வைத்து உருவம் எடுப்பர். ‘18 கேஜ்’ அல்லது ‘20 கேஜ்’ தகட்டில் அவ்வட்டையை வைத்து வெட்டி, ஆங்கிள் இரும்பின் விளிம்பில் தட்டி வளைப்பர். கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண். எண் ஏறத் தகடு மெலியும் என்பது இதன் விசித்திரம். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9. அப்பாலுள்ள வேலை வெப்பத்தோடு நடத்தும் பேச்சுவார்த்தை. இரும்பு 1538 பாகையில் உருகும். ஆக்சிஜன் அசிட்டிலீன் சுடரோ 3000 பாகையைத் தாண்டும். ஆதலால் கேஸ் வெல்டிங்கில் கை ஒரு நொடி தயங்கினாலும், ஒட்ட வந்த துளைக்கு அருகே ஒட்டப்பட வேண்டிய இன்னொரு துளை பிறந்துவிடும். கரியமில வாயுக் காப்பில் கம்பி ஊட்டும் முறை, பட்டறை வழக்கில் சிஓடூ வெல்டிங், மெல்லிய தகட்டுக்கு இதமானது. அதிலும் ஒரே கோடாக இழுப்பதில்லை. இங்கொரு புள்ளி, எதிரே ஒரு புள்ளி, மீண்டும் இங்கே என்று டாக் அடித்து, இடையிடையே ஈரச்சாக்கால் ஒற்றுவர். தொடர்ந்து இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றாமலும் பேட்டரி இணைப்பைப் பிரிக்காமலும் இவ்வேலையைத் தொடங்குபவர், பற்றவைத்தல் என்னும் சொல்லின் மற்றொரு பொருளை நிறுவ நேரிடும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டைத் துலக்காமல் சுட்டால் எழும் வெண்புகை அன்றிரவே காய்ச்சலைத் தரும்.

வைணவ மரபு பெருமாளின் கோலத்தை நின்ற, இருந்த, கிடந்த என மூன்றாக வகுக்கும். வெல்டர்களுக்கும் இவ்வகைப்பாடு பொருந்தும். அவற்றுள் கிடந்த கோலமே அரிது. ஜாக்கியால் தூக்கி மரக்கட்டைகளில் நிறுத்திய வேனின் அடியில், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து, தலைக்குமேல் பற்றவைக்கையில், உருகிய இரும்பு ஈர்ப்பு விதியை மதித்துச் சட்டைக் காலரைத் தேடி வரும். பாம்பணை இல்லாவிடினும் காலடியில் கேஸ் குழாய் சுருண்டு கிடப்பதால் கோலம் நிறைவு பெறுகிறது.

ஒட்டு ஆறியதும் ரெட் ஆக்சைடு பூசப்படும். இதன் செந்நிறத்துக்குக் காரணமானது இரும்பு ஆக்சைடே. துருவும் நீர் கலந்த இரும்பு ஆக்சைடே. மூன்று நாள் முயன்று நீக்கிய பொருளின் உடன்பிறப்பைக் காசு கொடுத்து வாங்கி, டப்பாவைத் திறந்து, தூரிகையால் அதே இடத்தில் தடவுவதுதான் சிகிச்சையின் உச்சம். மேடுபள்ளங்களைத் தமிழர் பட்டி என்றும் தெலுங்கர் லப்பம் என்றும் அழைக்கும் பசை மறைக்கும். பட்டி டிங்கரிங் பார்த்தல் என்னும் தொடர் தமிழ்நாட்டில் முக ஒப்பனைக்கும் விரிந்து வழங்குவதால், இப்பசையின் நம்பகத்தன்மை பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. சூட்டில் ஒட்டின் மறுபக்கத்துப் பெயின்ட் எரிந்துவிடுகிறது. பெட்டிமடிப்பின் உட்புறமாகிய அவ்விடத்தைத் தூரிகை எட்டாது. அடுத்த துரு ஒட்டில் அன்று, ஒட்டின் ஓரத்தில் பிறப்பதற்குக் காரணம் அதுவே.

வேன் எப்போது கிடைக்கும் என்னும் வினாவுக்குப் ‘பர்சோன்’ என்பதே விடை. அகராதிப்படி இது நாளை மறுநாளையோ முந்தாநாளையோ குறிக்கும். ஹைதராபாத் வழக்கில் அண்மைக்காலம், சேய்மைக்காலம் அனைத்தையும் தழுவும். வேலை பர்சோன் தொடங்கியது, பர்சோன் முடியும் என்பதில் இலக்கணப் பிழையோ பொய்யோ இல்லை. முடிந்தபின் புதுப்பிப்புக்காகச் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பர். கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. தரை புதிது, ஏறுபடி புதிது, மட்கார்டு பாதி புதிது என்றாலும், அவ்வெழுத்துகள் தேயாதவரை அது 1990இன் வேன்தான் என்று சட்டம் ஏற்கிறது.

வெட்டியெடுத்த பழைய தகடுகள் சாக்கில் கட்டப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. கடைக்காரர் தட்டிப் பார்ப்பதுமில்லை, குத்திப் பார்ப்பதுமில்லை. சாக்கின் இரு மூலைகளையும் பிடித்து நான்கு முறை ஓங்கி உதறுகிறார்; கீழே கொட்டியதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, எஞ்சியதை மட்டும் தராசில் ஏற்றுகிறார்.