வேடம் கட்டிய யானைகள்

ஜானி வைஸ்முல்லர் நடித்த டார்சன் படங்கள் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தபோது அவை ரொம்பப் பழசாகிவிட்டிருந்தன. அறுந்து அறுந்து ஒட்டிய பிரிண்ட், திரை முழுக்க மழைக்கோடு. ஆங்கிலம் எங்களில் யாருக்கும் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவன் கொடியைப் பிடித்து மரத்துக்கு மரம் தாவுவான், முதலையோடு கட்டிப் புரள்வான், கையைக் குவித்துக் கூவினால் யானைக் கூட்டமே ஓடி வரும். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்த எங்களுக்கு யானை வந்துவிட்டால் கொண்டாட்டம்தான்.

இன்று அதே படங்களை வீட்டில், வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். வைஸ்முல்லரின் நீச்சல் இப்போதும் மலைக்க வைக்கிறது. அதில் துளியும் பொய் இல்லை. 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர் அவர். 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் இரண்டிலும் சேர்த்து ஐந்து தங்கம் வென்ற பிறகுதான் நடிக்க வந்தார்.

ஆனால் இப்போது என் கண் யானைகளிடம் போய் நின்றுவிடுகிறது. 1932-இல் எம்ஜிஎம் எடுத்த முதல் டார்சன் பேசும்படத்தில் ஓடி வருபவை ஆப்பிரிக்க யானைகள் அல்ல, நம் ஆசிய யானைகள். பழக்கப்பட்ட யானை என்றால் ஹாலிவுட்டுக்குக் கிடைத்தது அந்த இனம்தான். ஆப்பிரிக்க யானையாகக் காட்டுவதற்காகப் பெரிய பொய்க் காதுகளைப் பொருத்தினார்கள். காட்சியை நிறுத்திவிட்டு உற்றுப் பாருங்கள். நெற்றியில் இரட்டை மேடு, வில்லாக வளைந்த முதுகு. ஆப்பிரிக்க யானையின் முதுகு நடுவில் குழிந்திருக்கும். காதை மாற்றலாம், முதுகை மாற்ற முடியுமா?

மனிதர்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அந்தப் படத்தில் செங்குத்தான மலைச்சரிவில் ஏறும்போது சுமை தூக்கிவரும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் தவறிப் பாதாளத்தில் விழுகிறார். அவர் சுமந்த மூட்டையில் என்ன இருந்தது என்பதுதான் வெள்ளைக்காரர்களின் அடுத்த கவலை. அவருக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பிக்மி மக்களாக வருபவர்கள் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள். இந்தக் காட்சிகளைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

யானைக்கு வேடம் கட்டும் வேலை நம்ம சேலத்திலும் நடந்தது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்து 1952-இல் வந்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. அதில் யானைகளுக்கு உடம்பு முழுக்க ரோமத்தைப் போர்த்தி, அழிந்துபோன மாமூத்துகளாக நடக்கவிட்டார்கள். நம் வெயிலில் அந்தப் போர்வையோடு நடந்த யானைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

யானை யானையாகவே நின்ற படம் 1937-இல் வந்த ‘எலிஃபன்ட் பாய்’. ஆவணப்பட மேதை ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி மைசூர் காடுகளுக்கே வந்து எடுத்தார். காராப்பூரில் பாகன் வீட்டில் பிறந்த சாபு என்ற சிறுவன்தான் நாயகன், கூட நடித்த யானை ஐராவதம். லண்டன் ஸ்டூடியோவில் ஸோல்டான் கோர்டா எடுத்துச் சேர்த்த காட்சிகள் எல்லாம் சாதாரணம். சாபு தும்பிக்கையில் கால் வைத்து ஏறுவதைப் பாருங்கள். எந்த இயக்குநரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. யானையைக் குளிப்பாட்டி வளர்ந்த பிள்ளையின் உடம்புக்கு மட்டுமே தெரிந்த வித்தை அது. பிறகு சாபு ஹாலிவுட்டுக்குப் போனார், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் இயந்திரத் துப்பாக்கி பிடித்தார், 39 வயதில் இறந்தார்.

சாபு பிறந்த பகுதியின் காகனகோட்டைக் காட்டில் யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் ‘கெட்டா’ 1971-இல் கடைசியாக நடந்தது. பிடிக்கும் முறை ஒழிந்தது நல்லதே. சில ஆண்டுகளில் கபினி அணை வந்து காட்டின் பெரும்பரப்பு தண்ணீருக்குள் போனது. அணைக்கு முந்திய அந்த மண்ணை இன்று ஃப்ளாஹர்ட்டியின் படச்சுருளில் பார்க்க முடியும். இது ஒன்றுக்காகவே அந்தப் படத்தைப் போற்றிக் காக்க வேண்டும்.

அதே காட்டுத் தொடரில்தான் நம்ம முதுமலை தெப்பக்காடு இருக்கிறது. அங்கே எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. அதில் யானைக்குப் பெயர் ரகு, வளர்த்தவர்கள் பொம்மனும் பெள்ளியும். பொய்க் காதும் ரோமப் போர்வையும் இல்லாமல், காட்டு மக்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். காட்டுப் படம் இங்கே வந்து சேர எண்பது, தொண்ணூறு வருடம் ஆகியிருக்கிறது.

அதற்காகப் பழைய படங்களை நான் ஒதுக்கவில்லை, ஒதுக்கவும் மாட்டேன். காடு என்றால் கண் விரியும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவை அவை. அந்தப் பழக்கம் இருப்பதால்தான் விழுந்த தொழிலாளியின் பெயரை இன்று தேடுகிறேன், வேடத்துக்குள் இருக்கும் யானையை அடையாளம் காண்கிறேன். நீங்களும் திரும்பப் பாருங்கள். நாயகனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் வருபவர்களைப் பாருங்கள்.