நடுங்குகிறவர்களுக்குப் பதில்கள்

கே: எடின்பரோவில் வேலை. ஸ்கூபா கற்க ஆசை. ஸ்காட்லாந்துக் கடலிலேயே தொடங்கலாமா, விடுமுறைக்கு மாலத்தீவு போய்க் கற்கலாமா?

ப: எந்தக் கடலில் இறங்கப்போகிறீர்களோ, அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். மாலத்தீவில் தண்ணீர் 28 டிகிரி. அரை டிராயரோடு இறங்கி, நாலு முறை மூழ்கி, சான்றிதழும் நானூறு போட்டோவுமாகத் திரும்பலாம். அந்தச் சான்றிதழ் உலகெங்கும் செல்லும், பழக்கம் செல்லாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் குளிர்கால முடிவில் தண்ணீர் 7 டிகிரி, ஆகஸ்டிலும் 14 வாக்கில்தான். அங்கே தண்ணீர் புகாத டிரை சூட் வேண்டும். அது உடம்பைச் சுற்றி ஒரு காற்றுப்பை. இறங்கும்போது உள்ளே காற்று விட வேண்டும், ஏறும்போது வெளியேற்ற வேண்டும். அசந்தால் காற்று காலுக்குப் போய், தலைகீழாக மேலே கிளம்பிவிடுவீர்கள். கூடவே அதிக ஈயக்கட்டி, தடிக் கையுறை, கலங்கல் தண்ணீர். இவற்றோடு தொடங்கியவருக்கு மாலத்தீவு அல்வா. அங்கே தொடங்கியவரோ இங்கே வந்து பாதியை மறுபடி கற்க வேண்டும்.

கே: முதல் நாளே நடுங்கினால் ஆசையே போய்விடாதா?

ப: போகும், கடலில் தள்ளினால். ஆனால் முதல் பாடங்கள் வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில்தான். பிறகு நடுங்க வைப்பது பெரும்பாலும் அளவு சேராத இரவல் சூட். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும்; கழுத்துப் பட்டை தளர்ந்திருந்தால் கதை முடிந்தது. வெட் சூட் மலிவு, அதுவே போதும் என்பாரும் உண்டு. அதில் குளிரைத் தடுப்பது ரப்பருக்குள் இருக்கும் குமிழ்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி அவை பாதியாகச் சுருங்கும். குளிர் கூடுகிற இடத்தில் உடை மெலிகிறது! ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆயுள் முழுக்க விடுமுறையில் மட்டும்தான் டைவிங் என்றால் என் வாதம் எடுபடாது. பாடமும் குளமும் எடின்பரோவில், கடல் டைவ் நாலும் மாலத்தீவில் என்று முடிக்கவும் வழி உண்டு.

கே: ஒரு பெக் போட்டுவிட்டு இறங்கினால் குளிர் தெரியாதாமே?

ப: தெரியாது. உயிர் போவதும் தெரியாது.

கே: சுறா?

ப: ஸ்காட்லாந்தில் கோடையில் வரும் ராட்சதச் சுறா பிளாங்டன் தின்னி. நீங்கள் அதன் மெனுவில் இல்லை.

கே: குளிர்க் கடலில் பார்க்க என்னதான் இருக்கிறது?

ப: 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையை, அதன் அட்மிரல் ஃபான் ராய்ட்டரே மூழ்கடிக்கச் சொன்னார். 74 கப்பலில் 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் தூக்கிவிட்டார்கள். மூன்று போர்க்கப்பலும் நாலு குரூசரும் இன்னும் கிடக்கின்றன. பவளப் பாறை முன்னால் கட்டை விரல் தூக்கி போட்டோ எடுப்பவர்களுக்கு இது புரியாது. தொடக்கச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர்; அந்தப் போர்க்கப்பல்கள் அதற்கும் கீழே. அவசரப்படாதீர்கள்.

கே: கையுறையோடு போட்டோ எடுக்க வருமா?

ப: சிரமம். குளிர்க் கடலின் தலைசிறந்த குணம் அதுதான்.

கே: ரெகுலேட்டர் உறைந்துவிடும் என்கிறார்கள். உண்மையாகவே பயமாக இருக்கிறது.

ப: பயம் நியாயமானது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, அதை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. ஈரம் பனிக்கட்டியானால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அப்போது காற்று நிற்காது, கட்டுப்பாடின்றிக் கொட்டும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. அதனால் குளிர்நீருக்கென்று தேறிய, முதல் நிலை மூடப்பட்ட ரெகுலேட்டரையே கேட்டு வாங்குங்கள். பனிக்காற்றில் நின்று அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள். சூட்டுக்குக் காற்று விடும் பொத்தானை நீளமாக அழுத்தாதீர்கள். கொட்டினாலும் வாயோரத்தில் பிடித்து அதிலேயே சுவாசிக்கலாம். பிறகு கூட மூழ்கும் துணைவரின் காற்றை வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்து நிதானமாக மேலே வர வேண்டும். அடிப்படைப் பயிற்சியிலேயே இதற்குப் பாடம் உண்டு. அதை அவசரமாகத் தாண்டிப் போகும் பயிற்சியாளரிடம் தயவுசெய்து சேராதீர்கள்.