பூ வந்தா போலீஸு, இலை வந்தா கூரியரு

வாலே மருமவனே. செம்பூர்லேருந்து ஆட்டோ பிடிச்சு, சந்துக்குள்ள வரமாட்டேன்னு அவன் தொண்ணூறு அடி ரோட்டுலயே எறக்கி விட்டுட்டானாக்கும்? சட்டை நனைஞ்சிருக்கதப் பாத்தாலே தெரியுது. ஒக்காரு. அந்தத் தகரப் பெட்டி மேல மட்டும் ஒக்காராதே, அதுக்குள்ள ஒரு சங்கதி இருக்கு.

என்ன, காதுக்குள்ள வந்து குசுகுசுங்கே? கஞ்சா எண்ணெய் வீட்டுக்கே வருமாமே, நெசமான்னா கேக்கே? நல்லாருக்குலே ஒன் நியாயம். மாட்டுங்காவுல பெரிய மாமா இருக்காரு, அவருகிட்ட போனா கச்சேரிக்கு டிக்கெட் எங்க கெடைக்கும்னு கேப்பே. தாராவி மாமாகிட்ட வந்தா கஞ்சாவா? தோல்பட்டறையில உப்பு தேய்ச்சு உப்பு தேய்ச்சு கை வெந்தவன்டா நான். பொகை விட்டு வளந்தவன் இல்ல.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதே. கேக்கது ஒன் அம்மைக்கு, என் தங்கச்சிக்கு. பரேல் டாடா ஆஸ்பத்திரியில கீமோ ஏத்தி, தின்னது தங்காம, ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கா. எனக்குத் தெரியாமலா? சொல்லுதேன் கேளு. நடுவுல ரெண்டு குத்து குத்துவேன், அது இல்லாம எனக்குப் பேச்சு வராது.

1985-ல டெல்லியில போதைப்பொருள் சட்டம்னு ஒண்ணு போட்டாவ. அமலுக்கு வந்த தேதி நவம்பர் 14, குழந்தைகள் தினம். நல்ல நாள் பாத்துத்தான் வச்சிருக்காவ. கஞ்சான்னா என்னன்னு அதுல எழுதியிருக்கத ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்குப் படிச்சுக் காட்டினாரு. செடியோட நுனியில பூவும் காயுமா இருக்குல்லா, அதுதான் கஞ்சா. பிசினை எடுத்தா சரஸ். ரெண்டும் குத்தம். பூ ஒரு கிலோ வரைக்கும் கையில இருந்தா அது அவிய கணக்குல கொஞ்சம். அதுக்கே ஒரு வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல பத்தாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. இருவது கிலோவைத் தாண்டிட்டா பத்து வருஷத்துக்குக் கொறையாது. ஆனா அதே செடியோட இலையும் விதையும் குத்தமில்ல. அதுலயும் ஒரு கொக்கி வச்சிருக்கான் பாரு, பூவோட சேந்து கெடக்காத இலைதான் குத்தமில்லயாம். சேந்து கெடந்தா அதுவும் குத்தவாளி! சகவாச தோஷத்தைச் சட்டத்துல எழுதி வச்ச ஒரே எடம் இதுதான்னு நெனைக்கேன். ஒன் கூட்டாளிகளப் பத்தி நான் சொன்னப்ப மட்டும் மொறைச்சே.

அதே 1985-லதான் அமெரிக்காக்காரன் கீமோ வாந்திக்குன்னு இந்தச் செடியோட சத்தைச் செயற்கையாச் செஞ்சு மாத்திரையா விக்க அனுமதிச்சான். அவன் மாத்திரை போட்டான், நாம வெலங்கு போட்டோம். இத்தனைக்கும் 1839-லயே கல்கத்தாவுல ஓ'ஷானசின்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், நம்ம ஊரு ஆளுக சாப்பிடுறதப் பாத்து, நோயாளிகளுக்குக் குடுத்துச் சோதிச்சு எழுதி வச்சிருக்காரு.

குத்தமில்லன்னு சொன்னேன்லா, அந்த இலைக்கு ஆயுர்வேதத்துல விஜயான்னு பேரு. நீ விஜயான்னா மூணாவது மாடியில இருக்க டீச்சரம்மான்னு நெனைச்சிருப்பே. நம்ம சித்த வைத்தியத்துலயும் கஞ்சா உண்டு. மருந்துச் சட்டத்து விதிகள்ல விஷச்சரக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு. ஊமத்தை, எட்டி, அபினோட இதுவும் அதுல ஒக்காந்திருக்கு. பட்டியல்ல இருந்தா குடுக்கவே கூடாதுன்னு இல்ல, வைத்தியர் மேற்பார்வையில குடுன்னுதான். இந்தச் சந்து வழியாத்தான் இலையில செஞ்ச எண்ணெய் ஒன் வீட்டுக்கு வருது, வேற வழியில்ல. 2013-ல இதே பம்பாயில சில பயலுவ சேந்து பாம்பே ஹெம்ப் கம்பெனின்னு ஆரம்பிச்சானுவ. ரத்தன் டாடாவே அதுல துட்டு போட்டாரு. நம்ம பயலுவ படிச்சிட்டு அமெரிக்கா போவான், அவன் படிச்சிட்டு இலைக்கு வந்திருக்கான்.

வர்ற வழியச் சொல்லுதேன். ஆன்லைன்ல கம்பெனிக்காரன் பேரு, வயசு, என்ன சீக்கு, வேற என்ன மருந்து சாப்பிடுதாவன்னு கேப்பான். ஆஸ்பத்திரிப் பேப்பரைப் போட்டோ பிடிச்சு ஏத்தணும். பொறவு ஆயுர்வேத டாக்டர் போன்லயோ வீடியோவுலயோ வருவாரு. அப்ப நீ பேசாதே, ஒன் அம்மையப் பேச விடு. சீக்கு அவளுக்கு, ஒனக்கில்ல. பேசிட்டு அவரு பதிவு நம்பரோட சீட்டு எழுதுவாரு. அந்தச் சீட்டு இல்லாம எண்ணெய் நகரக்கூடாது. பொறவு கூரியரு, அம்புட்டுதான். பார்சல் வந்த பொறவும் சீட்டைத் தூரப் போட்டுராதே, பாட்டிலோடயே வை. நாளைக்கு எவனாவது வந்து இது என்னன்னு கேட்டா, பேச வேண்டியது அந்தக் காயிதம், நீயில்ல.

பாட்டில் கைக்கு வந்தா மொதல்ல மோந்து பாக்காதே, படிச்சுப் பாரு. செஞ்சவன் லைசென்ஸ் நம்பர் இருக்கா, பேட்ச் நம்பர் இருக்கா, தேதி இருக்கா? எல்லாத்துக்கும் மேல, மருத்துவர் மேற்பார்வையில சாப்பிடணும்னு எச்சரிக்கை இருக்கான்னு பாரு. விஷச்சரக்கு சேந்த மருந்துன்னா அத இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் போட்டே ஆகணும்னு விதி. தமிழ்ல போடமாட்டான், அம்பது வருஷமா இந்த ஊருல இருந்தும் எனக்கு இந்தி எழுத்து பிடிபடல, எதிர்வீட்டு ரசீத் மவனைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொன்னேன். எனக்குன்னு இல்லலே, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். குறுக்க குறுக்க கேக்காதே.

வாட்ஸப்புல ஒருத்தன் வருவான். டாக்டரும் வேண்டாம் சீட்டும் வேண்டாம், க்யூஆர்ல துட்டப் போடு, பூவே அனுப்புதேன்பான். அவன் துட்டோட ஓடிட்டா ஒனக்கு அதிர்ஷ்டம்னு வச்சுக்கோ. சொன்னபடி அனுப்பிட்டாத்தான் ஆபத்து, பின்னாலயே போலீஸும் வரும். இன்னொருத்தன், புத்துநோயையே கரைச்சிரும்பான். அவன் நம்பரை அழிச்சிட்டு அம்மைக்குக் கஞ்சி வை.

லண்டன்ல இருக்க ஒன் சித்தப்பா மவன் அங்க பூவே வீட்டுக்கு வருதுன்னு பீத்தியிருப்பான். நெசந்தான். அங்க 2018 நவம்பர்லேருந்து பெரிய டாக்டர்மாரு எழுதலாம், மருந்துக்கடையிலேருந்து கூரியர்ல வரும். அவன் லீவுக்கு வரும்போது பாசத்துல பொட்டலத்தைப் பெட்டியில வச்சுக் கொண்டாந்திரப் போறான். லண்டன் சீட்டு சஹார் ஏர்போர்ட்டுல செல்லாதுன்னு இப்பவே சொல்லி வை. இங்க ஹோலிக்கு இந்த இலைய அரைச்சுக் குடிக்க பாங்குக்கே 1949-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் லைசென்ஸ் கேக்கும். இந்த மாநிலத்துல இலையும் சும்மா வராது, மருந்துன்னு பேரு வாங்கிட்டுத்தான் வரணும்.

வலி தாங்கலன்னா மார்ஃபின் இருக்கு. 2014-ல சட்டத்தைத் திருத்தின பொறவு ஆஸ்பத்திரிக அத வாங்கி வைக்கது லேசாயிருக்கு. ஆனா அத போன்ல எழுதக் கூடாது. 2020 மார்ச்சுல ஊரடைச்சுக் கெடந்தப்ப டாக்டர்மாரு போன்ல வைத்தியம் பாக்க விதி போட்டாவல்லா, அதுலயே போதைப்பொருள் சட்டத்து மருந்து எதையும் எழுதக் கூடாதுன்னுட்டாவ. நேர்ல போயித்தான் வாங்கணும். வலிக்குன்னே தனி டாக்டர்மாரு பரேல்ல இருக்காவ, கூச்சப்படாம கேளு. எண்ணெயத் தேடி அலையுற கால் அங்க ஒரு எட்டு போகட்டும்.

இன்னொண்ணு. எண்ணெய் வாங்குற விஷயத்தைக் கீமோ டாக்டருகிட்ட மறைக்காதே. பாட்டிலையே கொண்டுபோயி மேஜையில வை. ரத்தம் இளக்க மாத்திரை, வலிப்பு மாத்திரைகளோட இந்தச் செடியோட சத்து மல்லுக்கு நிக்கும்னு டாக்டர்மாரு சொல்லுதாவ. திட்டினா வாங்கிக்கோ, ஒன் அம்மைக்கு ஒண்ணு ஆனா அவரு திட்டு எனக்குப் போதாது. சாப்பிடச் சொன்னா சொட்டுக் கணக்குல ஆரம்பி. நேத்து ரெண்டு சொட்டுல ஒண்ணும் ஆகல, இன்னைக்கு எட்டு விடுவோம்னு கணக்குப் போடாதே. வாய் காயும், தல கிறுகிறுக்கும், தூக்கம் அமுக்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சா பக்கத்துல ஆளு இருக்கணும். ஒங்க வீட்டுல பாத்ரூம் உள்ளயே இருக்கு, அது ஒரு கொடுப்பினை. எங்க சந்துல இருட்டுக்குள்ள வாளியத் தூக்கிட்டு வரிசைக்கு நடக்கணும்.

ஒங்க சொசைட்டியில பார்சல் வந்தா வாட்ச்மேன் நோட்டுல எழுதி மேல அனுப்புவான். இங்க? பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால, தண்ணிக்குழாய்க்கு எதிர்ல, முருகேசன் வீடுன்னு விலாசம். இந்தச் சந்துல மூணு முருகேசன். கூரியர் பையன் போன மாசம் ஒவ்வொரு முருகேசன் வாசல்லயும் நின்னு, விஜயா தைலம் யாருக்கு, விஜயா தைலம் யாருக்குன்னு கத்தியிருக்கான். இட்லிக்கார முருகேசன் பொண்டாட்டி, எவ அந்த விஜயான்னு அவனைப் பிடிச்சிக்கிட்டா. ரெண்டு நாளு அந்த வீட்டுல அடுப்பு எரியல.

சிரிக்காதே. ஆமா, எனக்குத்தான். சீட்டு இருக்கு, என் முட்டிக்கு, மூணு மாசமாச்சு. அந்தப் பெட்டியத் தொறந்து பாரு, மொறையா இருக்கும். அடுத்த பார்சலுக்கு ஒன் செம்பூர் விலாசத்தைக் குடு. ஒன் அத்தைகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அவ அத முட்டிக்குத் தடவுற தைலம்னு நெனைச்சிட்டிருக்கா. முந்தாநேத்து எனக்குத் தெரியாம எடுத்து ரெண்டு முட்டியிலயும் அரைப் பாட்டிலைத் தேய்ச்சிருக்கா. இப்ப என்னடான்னா, என் வலி போன எடம் தெரியலங்கா.