மூணாறு ஏத்தமும் 63 குதிரையும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு பட்டறை. 2008 மாடல் பொலிரோ பிக்கப் ஒன்று கரும்புகை கக்கியபடி வந்து நிற்கிறது.

வண்டிக்காரர்: அண்ணே, வண்டிக்குப் பவர் ஏத்தணும். மூணாறு ஏத்தத்துல டிவிஎஸ் 50 கூட நம்மள முந்திட்டுப் போகுது.

மெக்கானிக்: ஏத்திருவோம் தம்பி. எவ்வளவு வேணும்?

வண்டிக்காரர்: புதுப்பேட்டையில ஸ்கார்பியோ எம்ஹாக் இன்ஜின் ஒண்ணு கிடக்குதாம். 120 குதிரை. அதை இறக்கிப்புடலாமா?

மெக்கானிக்: தாராளமா. உன்னோடது 63 குதிரை. கிளட்சு, கியர்பாக்ஸ், பின்னாடி கிரவுன் எல்லாம் அந்த 63-க்குச் செஞ்சது. அதுகளையும் மாத்தணும். ரேடியேட்டர், ஒயரிங்கும் மாத்தணும். நம்பர் பிளேட்டு மட்டும் பழசா இருக்கும். அதை ஆர்டிஓ பார்த்துக்குவாரு.

வண்டிக்காரர்: அவருக்கு என்னண்ணே வந்துச்சு?

மெக்கானிக்: மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதே ரக இன்ஜின்னா அனுமதி வாங்கி மாத்தி ஆர்சியில ஏத்திக்கலாம். இப்படி வேற இன்ஜினை இறக்குனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள. உள்ள ஏத்தமே கிடையாது, நிம்மதியா இருக்கலாம்.

வண்டிக்காரர்: அப்ப சிப்பு ஒண்ணு வச்சு விடுங்க.

மெக்கானிக்: சிப்பு மூளைக்கு வைக்கிறது. இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி, மூளையே இல்ல. வண்டியைத்தான் சொல்றேன்.

வண்டிக்காரர்: சரி, பம்ப்புல ஸ்க்ரூவையாவது திருகுங்க. போன பட்டறையில அரைச் சுத்து திருகுனாங்க, புகையைப் பார்த்தீங்கள்ல, சும்மா ரயில் மாதிரி!

மெக்கானிக்: காசு குடுத்து வாங்குன டீசல்தான் எரியாம அப்படிப் போகுது. டீசலைக் கூட்டுனாங்களே, காத்தைக் கூட்டுனாங்களா? சூடுதான் ஏறும். அலுமினியம் 660 டிகிரியில உருகும். இன்னும் அரைச் சுத்து திருகு, பிஸ்டனை அச்சுல ஊத்திப் புதுசாவே வார்த்துக்கலாம்.

வண்டிக்காரர்: காத்துதானே கம்மி? டர்போ வச்சிருங்க!

மெக்கானிக்: வைக்கிறேன். இருக்கிற டர்போவை என்ன பண்றது?

வண்டிக்காரர்: இருக்கா?

மெக்கானிக்: கம்பெனியே வச்சுத்தான் குடுத்தான். பக்கவாட்டுல எழுதியும் இருந்துச்சு. நீதான் அதுமேல உங்க தலைவர் படத்தை ஒட்டிட்ட. இங்க வந்து பாரு, டர்போ ஹோஸ் கிழிஞ்சு கிடக்கு. காத்து இன்ஜினுக்குப் போகாம மறையூருக்குப் போயிட்டிருக்கு. ஏர் ஃபில்டரைத் தட்டுனா கீரை விதைக்கிற அளவுக்கு மண்ணு. ஏத்தம் ஏறி முடிச்சதும் என்ன செய்வ?

வண்டிக்காரர்: உடனே ஆஃப் பண்ணிட்டு டீ குடிப்பேன்.

மெக்கானிக்: நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான் அது. ஆயில் வர்றதைப் பொசுக்குன்னு நிறுத்துனா பேரிங் கருகாதா? டீ சொல்லிட்டு ஒரு நிமிஷம் ஸ்லோவுல விடு. இப்ப ஹோஸ், ஃபில்டர் மாத்துறேன். நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணி, பம்ப்பைப் பழைய அளவுக்கே வைக்கிறேன். ரேடியேட்டர் அடைப்பு எடுக்கணும். எவனோ கழட்டி வீசுன தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடணும். கம்ப்ரஷன் நல்லாருந்தா ஹெட்டைத் தொடவே வேணாம்.

வண்டிக்காரர்: இம்புட்டும் பண்ணா எத்தனை குதிரை வரும்?

மெக்கானிக்: 63.

வண்டிக்காரர்: அது முன்னாடியே இருந்ததுதானே!

மெக்கானிக்: ஆர்சியில இருந்துச்சு. அதே ஆர்சியில லோடு எவ்வளவுன்னு போட்டிருக்கான்?

வண்டிக்காரர்: ஒண்ணேகால் டன்னு.

மெக்கானிக்: நீ ஏத்துறது?

வண்டிக்காரர்: மூணு வரும். ஆனா தக்காளிதாண்ணே, லேசான சரக்கு.

மெக்கானிக்: தக்காளி மூணு டன்னு, இரும்பை விட லேசுதான்.

வண்டிக்காரர்: கிண்டல் வேணாம்ணே. ஸ்டாண்டுல ஒவ்வொருத்தனும் சிப்பு, பெரிய டர்போன்னு பேசுறான். நான் போய் ரேடியேட்டர் கழுவுனேன்னு எப்படிச் சொல்றது?

மெக்கானிக்: 'ஸ்டேஜ் 2'ன்னு ஸ்டிக்கர் அடிச்சுப் பின்பலகையில ஒட்டிக்க. லோடை ஆர்சி அளவுக்குக் குறைச்சாத்தான் பலகை ரோட்டை விட்டு மேல வரும், நாலு பேரு படிக்க முடியும்.