மாமியும் பேஸ்மென்ற்றும்

ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கிய தமிழனிடம் மேலே எத்தனை அறை என்று ஒருவரும் கேட்பதில்லை. "பேஸ்மென்ற் எப்பிடி?" என்பதுதான் முதல் கேள்வி. வாடகைக்கு வரும் மாணவர், பொங்கல் பானை, ஏறி ஓடாத ட்ரெட்மில் எல்லாவற்றுக்கும் புகலிடம் அதுதானே.

மச்சான் வாங்கியது 1950களில் கட்டிய பங்களோ. பேஸ்மென்ற் சுவரின் அடியில் வெள்ளைத் தூள். "பெயின்ற் அடிச்சால் போயிடும்" என்றார் சித்தப்பா. போவது பெயின்ற்தான். சுவரில் ஊறும் தண்ணி உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. சித்தப்பா விடவில்லை. 2013 ஜூலை 8 மழைக் கதையைத் தொடங்கினார். அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது உண்மை. அவர் வீட்டுக்குள் வந்த தண்ணிதான் வருசா வருசம் உயருகிறது, இம்முறை இடுப்பளவு.

வேலைக்கு வந்த தம்பி கீழே இறங்கவேயில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். பீலிக் குழாய் அத்திவாரத்தடியிலேயே கொட்டியது. நிலமும் வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது.

"அண்ணை, கூரைத் தண்ணி முழுக்க உங்கட சுவருக்குத்தான் போகுது."

குழாயை 6 அடி தள்ளி நீட்டி, மண் போட்டுச் சரிவைத் திருப்பினார். தங்கச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. குடிபூரலுக்கு வருகிறவர்கள் மண்சரிவையா மெச்சுவார்கள்?

பிறகு ஒரு பிளாஸ்ரிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் ரேப் ஒட்டி வைத்தார். தாளுக்கு அடியில் ஈரம் நின்றால் நிலத்திலிருந்து வருகிறது, மேலே நின்றால் காற்றிலிருந்து. மச்சானின் தாய், எங்கள் மாமி, மறுநாள் கூட்டும்போது அதை உரித்தெறிந்தார். இன்னொன்று ஒட்டி, பக்கத்தில் கதிரை போட்டு மறித்தோம். மேலேதான் ஈரம்.

சுவர் காய்ந்தபின் ஃபோம் பலகையை இடைவெளியில்லாமல் நேரே ஒட்டினார்கள். புழுக்கக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டால்தானே வேர்க்கும். அதற்கு முன்னால் மரச்சட்டம், பிறகு ட்ரைவால், அதுவும் தரையில் முட்டாமல் அரை அங்குலம் தூக்கி. தங்கச்சி கேட்ட கம்பளத்துக்குத் தம்பி சம்மதிக்கவில்லை. அது பூஞ்சணத்துக்குப் பாய் விரித்த மாதிரியாம். தரைக்கு ரைல்ஸ்.

மிச்சமிருந்தது மாமி. ஜூலைப் புழுக்கத்தில் "காத்து வரட்டும்" என்று யன்னலைத் திறப்பார்; வருவது ஈரம். மூடச் சொல்லி, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தான் மச்சான். அதன் வாளியில் சேரும் தண்ணியை மாமி கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். செடி தளதளவென்று நிற்கிறது. இப்போது யன்னலை இன்னும் அகலமாகத் திறக்கிறார்; செடிக்குத் தண்ணி காணாதாம்.