வயது கேட்கும் அமைச்சகத்துக்கு ஒரு பழைய என்ஜினின் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்,
15 வயது கடந்த நாமக்கல் லாரி,
முகாம்: காய்கறிச் சந்தை அருகில்,
போவன்பள்ளி, ஹைதராபாத்.

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: ஆயில் கசிவு – வயதே காரணம் எனக் கண்டறிந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: எனக்குக் கீழே தரையில் உள்ள கறை.

ஐயா,

நாமக்கல்லையும் போவன்பள்ளியையும் ஒரே 44ஆம் எண் நெடுஞ்சாலையில் கோத்து வைத்திருக்கிறீர்கள். அந்தச் சாலையில் ஓடித் தேய்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறது என்று என்னை இங்கே ஒரு பட்டறையில் விட்டிருக்கிறார்கள். தாங்கள் பார்த்திருந்தால் நோயை உடனே சொல்லியிருப்பீர்கள்: வயது. இந்தப் பட்டறை மெக்கானிக் உஸ்தாதுக்கு அந்த ஞானம் வாய்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பிறந்த தேதி பார்க்காமல், டீசலும் பிரஷும் எடுத்து என்னைக் கழுவினார். துடைத்துக் காயவைத்து, ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு என்பது அவர் கட்சி.

கடைசியில் அகப்பட்டது மேலே இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங். அங்கிருந்து பின்பக்கமாக வழிந்துதான் கிளட்ச் ஹவுசிங்கில் சொட்டியிருக்கிறது. அவசரப்பட்டு ரியர் ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்கியிருக்க வேண்டும். கசிவு அப்படியே இருந்திருக்கும். முதலாளி கையில் காசு இருந்திருக்காது.

அதோடும் மனிதர் விடவில்லை. பிரீதர் குழாயைக் கழற்றினார்; அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகைக்குப் போக்கிடம் இல்லையென்றால், அது இளைத்த பேக்கிங்காகப் பார்த்து ஆயிலைப் பிதுக்கும். அடைப்பை எடுக்காமல் புதுப் பேக்கிங் போட்டாலும் நிலைக்காது. கசிவடைக்கும் பேஸ்ட்டையும் அள்ளி அப்பவில்லை; உள்ளே விழும் துணுக்கு ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் பம்ப் பட்டினி கிடக்கும் என்றார்.

இத்தனை சிரமம் தங்களுக்கு இல்லை. 2021 அக்டோபரில் ஓர் அறிவிக்கை போட்டீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், 15 வயது தாண்டிய கனரக வண்டிகளின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணம் 1,500இலிருந்து 12,500 ரூபாய் ஆனது. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாத வைத்தியம்! பணம் கட்டியதும் கசிவு நின்றிருக்க வேண்டும். ஆயிலுக்கு அரசிதழ் படிக்கத் தெரியவில்லை போலும்.

பக்கத்துச் சந்தையில் நாளொன்றுக்குச் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து 500 யூனிட் மின்சாரம் எடுக்கிறார்கள். 2021 ஜனவரியில் பிரதமரே ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பாராட்டினார். அழுகிய தக்காளியிடம் இருப்பது என்ன என்று பார்க்கிற நாட்டில், என்னிடம் மட்டும் எந்த ஆண்டில் பிறந்தாய் என்று கேட்கிறார்கள்.

கரும்புகை கக்குகிற, பிரேக் பிடிக்காத கிழவர்கள் என் கூட்டத்தில் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை, உடைப்புக்கு அனுப்புங்கள். எட்டு வயதுக்கு மேல் எங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை இருக்கவே இருக்கிறது. தேறாதவனை அங்கேயே நிறுத்தலாம். தேறியவனிடம் வயதுக்கென்று தனியாக வசூலிப்பது எந்தக் கணக்கு?

ஆகவே, சோதனையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் ஆக்குங்கள். கட்டணத்தைச் சோதனைக்கு வாங்குங்கள், பிறந்த தேதிக்கு வாங்காதீர்கள் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தற்சமயம் கசிவில்லாத,
பழைய டீசல் என்ஜின்.